கொஞ்சமா ஆரம்பிங்க

பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்களில் பாதிப்பேர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். மீதிப்பேர் ஊசியையே முறைத்துக்கொண்டு, "புது ஊசிதானே?", "எம் பேரைச் சரியா எழுதினீங்களா?", "போன தபா ரெண்டு எடத்துல குத்துனீங்க" என்று உயிரை வாங்குவார்கள். மாதாமாதம் சர்க்கரை பார்க்க வருகிற அவர் இந்த இரண்டு ரகத்திலும் சேராதவர். சட்டைக் கையைத் தோள்வரை மடித்துவிட்டுக் கையை மேஜைமேல் வைப்பார். வைத்ததும் அந்தக் கையையே மறந்துவிடுவார். எதிர்ச் சுவர்க் காலண்டரில் இந்த மாதம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நரம்பு கிடைக்காமல் மூன்று தடவை குத்திவிட்டேன். 

"வலிக்குதாணா?"

"அது உங்க வேலை சிஸ்டரம்மா. நீங்க பாருங்க."

நான் சிஸ்டர் இல்லை. ஆம்பூரில் ஒரு சின்ன லேபில் டெக்னீசியன். வெள்ளைக் கோட்டு போட்டவளெல்லாம் எங்கள் ஊரில் சிஸ்டர்தான், திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. அவர் அதோடு ஒரு அம்மாவையும் சேர்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும், எனக்கு முப்பத்திரண்டு. மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஷிப்டுக்குப் போகும் முன்னால், ஆறே முக்காலுக்கு வெறும் வயிற்றோடு வாசலில் நிற்பார். நான்தான் வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருப்பேன்.

ஒருதடவை ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கத்த ஆரம்பித்தார். "இன்னா மேடம் இது, இருநூத்தி எண்பதா? நான் சக்கரையே தொடறதில்ல. உங்க மிஷினு கெட்டுப்போச்சு." நான் பதில் சொல்வதற்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இவர் எழுந்துவிட்டார்.

"உன் ஆட்டோ சத்தம் போட்டா அவங்க வந்து இன்ஜினைப் பிரிக்கறாங்களா? அப்புறம் இன்னாத்துக்கு அவங்க வேலையில நீ கைய வெக்கற?"

ஆட்டோக்காரர் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று என்பதை மறைப்பானேன். நாள் முழுக்க ஏச்சு வாங்குகிற வேலை இது. இவர் கிளம்பும்போது வாசல்வரை போய், "பாத்துப் போங்கணா" என்றேன்.

அவருடைய குணமே அதுதான். ஒரு வேலையைச் செய்கிறவன் அந்த வேலையைப்பற்றி என்ன சொல்கிறானோ, அதுதான் கடைசி வார்த்தை. அவருடைய வீட்டம்மா ஒருநாள் துணைக்கு வந்திருந்தபோது என்னிடம் புலம்பித் தீர்த்தார். வீட்டுக்குத் தரை போட்ட கொத்தனார் சரிவைத் தலைகீழாகப் போட்டுவிட்டானாம். கழுவிவிட்டால் தண்ணீர் வாசலுக்குப் போகாமல் சமையலறைக்கு வருமாம்.

"பத்து வருசமா தொடப்பத்தை வெச்சுக்கினு தள்ளறேம்மா. அன்னிக்கே கேளுய்யான்னா, 'அவன் கொத்தனாரு, அவனுக்குத் தெரியாதா, காஞ்சா சரியாப் பூடும்'னாரு. தரை காஞ்சா சரிவு மாறுமா, நீயே சொல்லு."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். இன்றைக்கு அந்தத் தரையை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அவர் வேலை செய்தது ஊருக்கு வெளியே, பாலாற்றுப் பக்கம் உள்ள ஒரு டேனரியில், தோல் பதனிடுகிற தொழிற்சாலையில். மற்ற இடங்களில் எல்லாம் குரோம் ரசாயனம் வந்துவிட்டது. இவருடைய பகுதியில் மட்டும் பெல்ட்டுக்கும் குதிரைச் சேணத்துக்கும் போகிற தோலை மரப்பட்டைத் தண்ணீரில் பதப்படுத்தினார்கள், இன்றும் அப்படித்தான். எங்கள் லேபிலிருந்து அங்கே ஒருமுறை தொழிலாளிகளுக்கு ரத்தப் பரிசோதனை முகாம் போட்டோம். மூக்கைப் பொத்திக்கொண்டு போன என்னை அவர் கூப்பிட்டுப்போய்த் தன் இடத்தைக் காட்டினார். வரிசையாக ஆறு சிமெண்டுத் தொட்டிகள். முதல் தொட்டியில் தேநீரைவிட வெளிறிய தண்ணீர். அடுத்தது கொஞ்சம் கூடுதலாக. ஆறாவது தொட்டியில் கறுப்பென்றே சொல்லலாம், விரலை விட்டால் விரல் தெரியாது.

"எடுத்ததும் கெட்டித் தண்ணியில போட்டா தோலோட மேல்பக்கம் பொசுங்கிடும், உள்ள பச்சையாவே நின்னுடும்" என்றார். "கொஞ்சமா ஆரம்பிக்கணும். தோலு பழகப் பழகத் தொட்டி மாத்திக்கினே போவணும். கடேசித் தொட்டியில இருந்து எடுத்த தோலு இருக்குதே, நூறு வருசம் ஆனாலும் அழுகிப்போவாது."

ஒரு தோலின் ஓரத்தைக் கத்தியால் சின்னதாக வெட்டி வெட்டுவாயைக் காட்டினார். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஒரே பழுப்பு நிறம். நடுவில் வெள்ளையாகக் கோடு தெரிந்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தமாம். அந்தச் சமயம் புதிதாக வந்திருந்த ஒரு சூப்பர்வைசர், ஆர்டர் அவசரம், இரண்டு தொட்டியைத் தாண்டிப் போட்டுவிடலாமா என்று கேட்டார். இவர் மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் இடம் கொடுக்கவில்லை. "சார், ஆர்டர் உங்க வேலை. தொட்டி என் வேலை." அந்த மனிதர் போய்விட்டார்.

இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். அதைச் சொல்லிவைக்கிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

அவருடைய அண்ணனுக்குச் சர்க்கரையால் காலில் புண் வந்து, ஆறாமல், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை இவருக்கு வெறும் வயிற்றில் இருநூற்று முப்பது வந்தது. ரிப்போர்ட்டை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"சிஸ்டரம்மா, நாள் பூரா ஈரத்துல நிக்கற காலு. எனக்கும் எடுத்துடுவாங்களா?"

"ச்சீ, இன்னா பேச்சுணா இது. மாத்திரை போடறீங்கதானே?"

"போடறேன். அது பத்தலபோல. வேற எதுனா இருக்குதா?"

டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அது ஒன்றுதான் என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய வார்த்தை. ஆனால் அன்று காலையில்தான் எங்கள் சர்ச் பெண்கள் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்திருந்தது. பட்டைத் தண்ணீர் குடித்தால் சர்க்கரை ஓடிப்போகும், பூப்படம் போட்டு, கைகூப்பும் பொம்மை போட்டு. நான் அடுத்தவருடைய டியூபில் பேர் எழுதிக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல் சொன்னேன்.

"பிரியாணிக்குப் போடற பட்டை இருக்கில்லணா, அதைப் பொடி பண்ணி சுடுதண்ணியில போட்டுக் குடிங்க. சுகர் கம்மியாகும். இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாது. கொஞ்சமா ஆரம்பிங்க."

"மாத்திரை?"

"அது பாட்டுக்குப் போடுங்க."

"சரி சிஸ்டரம்மா" என்று போய்விட்டார். அவர் முகம் தெளிந்ததை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தேன். பட்டையைப்பற்றி எனக்கு அன்று தெரிந்தது அந்த வாட்ஸப் செய்தி மட்டும்தான். அவரோ ரத்தத்தில் வேலை செய்கிறவள் ரத்தத்தைப்பற்றிச் சொன்ன வார்த்தை என்று அதை எடுத்துக்கொண்டார். எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னவள் எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. ஆறு தொட்டி மனிதரிடம் போய்க் கொஞ்சமாக ஆரம்பியுங்கள் என்றால் அவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

பட்டையை அவர் ஆம்பூரில் வாங்கவில்லை. வேலூருக்குப் பஸ் ஏறி, லாங் பஜாரில் நாலு கடை ஏறி இறங்கியிருக்கிறார். கடைக்காரர் முதலில் காட்டியது மெல்லிசாக, சுருள் சுருளாக, தொட்டால் பொடிகிற இலங்கைப் பட்டை. "இது இன்னாய்யா காகிதமாட்டம்" என்று தள்ளிவிட்டு, தடிமனான, கறுத்த, கடித்தால் நாக்கு எரிகிற பட்டையாகப் பார்த்து வாங்கிவந்திருக்கிறார். பட்டை பார்த்து வாங்குவதில் அவரை ஏமாற்ற முடியுமா? வேறுபாடு என்ன என்று நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தத் தடிப் பட்டையில்தான் கூமரின் என்று ஒரு பொருள் அதிகம். சமையலில் ஒரு துண்டு போட்டால் ஒன்றும் இல்லை. அளவு மீறி, நாள்கணக்கில் போனால் சிலருக்கு ஈரலைப் பிடித்துவிடும். மெல்லிய பட்டையில் அது மிகவும் கம்மி. அவர் தன் தொழில் திறமை முழுவதையும் காட்டிப் பொறுக்கியெடுத்தது அதிகம் இருக்கிற பட்டையை.

அடுத்த மாதம் நூற்றுத் தொண்ணூறு. அதற்கடுத்த மாதம் நூற்று எழுபது.

"மூணாவது தொட்டிக்கு வந்துட்டேன் சிஸ்டரம்மா" என்றார்.

கடவுளே, நான் சிரித்தேன். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். "ஆறாவது வரைக்கும் போய்டுவீங்கபோல" என்று நானும் பதிலுக்குச் சொன்னேன். ஒரு சிட்டிகை அரை ஸ்பூனாகி, அப்போது காலை மாலை இரண்டு வேளையும் ஒரு கரண்டிப் பொடியைக் கொதிக்கவைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்க எனக்கு நேரம் ஏது? டேனரியிலிருந்து ஆள் ஆளாக வர ஆரம்பித்தார்கள். "எங்க தொட்டி அண்ணன் சொன்னாரு, நீங்க ஒரு தண்ணி சொன்னீங்களாமே" என்று. அவர் யாரிடம் பேசினாலும் என் பேரில்தான் ஆரம்பித்திருக்கிறார். நானும் வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னேன், இன்னும் கொஞ்சம் தோரணையோடு. லேப் முதலாளி, "பரவால்லியே, பெரிய டாக்டராய்ட்ட" என்றார். சர்ச்சில் ஓரிரண்டு பேர் ஆராதனை முடிந்து என்னைத் தேடிவந்து கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது அதிகமாகக் கூசுகிறது.

ஐந்தாவது மாதம். சனிக்கிழமை வந்தார், கொஞ்சம் இளைத்திருந்தார். லேபில் குழல்விளக்கு வெளிச்சத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை. அப்படித்தான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். ரத்தத்தை எடுத்து மிஷினில் போட்டுச் சுற்றினேன். சுற்றினால் சிவப்பு அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்த நீர் நிற்கும். அது வெளிறிய மஞ்சளாக இருக்க வேண்டும். அன்று அவருடைய டியூபில் நல்லெண்ணெய் நிறத்தில் நின்றது. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். பதினொரு வருஷ அனுபவம், அந்த நிறம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. காமாலை.

டாக்டர் சீட்டில் சர்க்கரை மட்டும்தான் எழுதியிருந்தது. வெளியே பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். சர்க்கரையை மட்டும் பார்த்தேன். நூற்று முப்பத்தெட்டு. அவருக்கு அதுவரை வந்ததிலேயே கம்மி. டியூபைக் கழிவு டப்பாவில் போட்டுவிட்டு உடனே போன் செய்தேன், நல்ல செய்தியை முதலில் நான் சொல்ல வேண்டும் என்று.

"நூத்தி முப்பத்தெட்டுணா! பாத்தீங்களா?"

"எல்லாம் நீங்க சொன்னது சிஸ்டரம்மா. ஆனா இன்னான்னு தெரியல, சோறே எறங்கல. ஒரே அசதி."

"வெயில் ஜாஸ்தியா இருக்குதில்லணா, மோர் குடிங்க."

நிறத்தைப்பற்றிச் சொல்லவில்லை. மறந்துவிட்டேனா? இல்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார், ஈரல் டெஸ்ட் எழுத வேண்டும், டாக்டர் என்ன குடித்தாய் என்று கேட்பார், பட்டை வெளியே வரும், பட்டையோடு நானும் வெளியே வருவேன். இவ்வளவையும் அந்த ஒரு நிமிஷத்தில் யோசித்தேனா என்று கேட்டால், யோசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. ரத்தம் எடுத்த மூன்றாவது வாரமே வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பிளாஸ்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். வார்டில் பகல் வெளிச்சம் நன்றாக வந்தது. கண்ணும் உள்ளங்கையும் மஞ்சளாக இருந்தன. நான் நின்றிருக்கும்போதே டாக்டர் வந்தார், சின்னப் பெண், பொறுமையாகப் பேசினார். வீட்டம்மா கொண்டுவந்திருந்த பட்டைத்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"இதைத் தினம் எவ்வளவு சாப்பிட்டீங்க?"

அவர் கையைக் குவித்துக் காட்டினார்.

"யாரு சொன்னாங்க?"

 அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சொன்னவங்க கொஞ்சமாத்தான் சொன்னாங்க டாக்டரம்மா. ஏத்துனது நான்."

டாக்டர் விளக்கிச் சொன்னார். இது ஒன்றினால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, இடுப்புவலிக்கு அவராக வாங்கிப் போட்ட மாத்திரை இருக்கிறது, ஈரலில் ஏற்கெனவே கொழுப்பு இருக்கிறது, எல்லாம் சேர்ந்துகொண்டது. சர்க்கரைக்குப் பட்டை எவ்வளவு தூரம் கேட்கும் என்பதே இன்னும் உறுதியாகத் தெரியாது, இவருக்குச் சர்க்கரை இறங்கியதில் சாப்பாடு இறங்காததற்கும் பங்கு உண்டு. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக, "ரெண்டு மூணு வாரம் முன்னாடி வந்திருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். கண்ணு மஞ்சளா ஆனதை யாருமே கவனிக்கலையா?" என்று கேட்டார்.

வீட்டம்மா அழுதார். "நான் படிக்காதவ, எனக்கு இன்னாம்மா தெரியும்."

நான் பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

டாக்டர் போனபிறகு அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நீங்க மனசுல வெச்சிக்காதீங்க. உங்க வேலையில குத்தம் இல்ல. தோலா இருந்தா ஓரத்தை வெட்டிப் பாத்துட்டுத்தான் அடுத்த தொட்டிக்குப் போயிருப்பேன். இதை அப்படிப் பாக்க முடியல, அதான் தப்பாயிடுச்சு."

வெட்டிப் பார்த்த ஓரம் என் கையில்தான் இருந்தது. அதைத் தூக்கிக் குப்பையில் போட்டவள் அவர் முன்னால் நிற்கிறேன். சொல்லடி, இப்போதாவது சொல்லடி என்று மனசு அடித்துக்கொண்டது. "கஞ்சி ஆறிடப்போவுதுணா" என்றேன்.

அவர் வீட்டுக்கு வந்தார். மஞ்சள் இறங்கியது, உடம்பு தேறவில்லை. ஈரத்தோலைத் தூக்க முடியாமல் வேலையை விட்டார். மறுவருஷம் மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது, மற்றவர்களுக்கு வந்துபோன அதே காய்ச்சல்தான், இவர் ஈரலால் தாங்க முடியவில்லை. அடக்கத்துக்குப் போனேன். டேனரி ஆட்கள் எல்லாம் எனக்கு வழிவிட்டு முன்னால் நிற்கவைத்தார்கள். அண்ணன் மதிச்ச சிஸ்டர் என்று. அவர்களில் யாராவது இன்னும் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டு, நிறுத்தச் சொன்னேன். என்ன காரணம் என்று கேட்டவர்களிடம், டாக்டர் சொன்னார் என்றேன்.

இரண்டு மாதம் கழித்து வீட்டம்மா லேபுக்கு வந்தார். மயக்கம் வருகிறது, டாக்டர் சர்க்கரை பார்க்கச் சொல்லியிருக்கிறார் என்று சீட்டை நீட்டினார்.

"அங்கியே பக்கத்துல எடுக்கறாங்கதான். அவரு சொல்லிட்டுப் போயிருக்காரு, ரத்தம் குடுக்கணும்னா சிஸ்டரம்மாகிட்டதான் குடுக்கணும்னு." புடவைத் தலைப்பை ஒதுக்கிவிட்டுக் கையை மேஜைமேல் வைத்தார். "நீ பாத்து எது சொன்னாலும் சரிம்மா."

டியூபில் பேர் எழுதிவிட்டேன். ரப்பர்ப் பட்டையைக் கையில் எடுத்தேன், கட்ட முடியவில்லை.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பட்டைத் தண்ணியைக் குடிக்கச் சொன்னது நான்தான்."

"தெரியுமே. அதுக்கு இன்னா இப்ப? அவருதான் ஜாஸ்தியாக் குடிச்சாரு."

"இல்லக்கா. இன்னும் இருக்குது. கடைசியா அவர் இங்க ரத்தம் குடுத்தப்போ ரத்தத் தண்ணி ரொம்ப மஞ்சளா இருந்துச்சு. நான் பாத்தேன். காமாலைன்னு தெரிஞ்சுது. சொல்லல."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். அதுவும் எனக்குத் தெரியும்.

"மறக்கலக்கா. நான் சொன்ன தண்ணியாலதான்னு தெரிஞ்சிடும்னு பயந்துட்டேன்."

 வீட்டம்மா மேஜைமேல் இருந்த கையை மெல்ல எடுத்தார், தலைப்பை இழுத்து அதை மூடிக்கொண்டார். நான் அழ ஆரம்பித்திருந்தேன், அதை அவர் கண்டுகொள்ளவில்லை.

"அவரைப் படுக்க வெச்சிருந்தப்ப டாக்டரு கேட்டாங்க, யாருமே பாக்கலையான்னு. நான் பாக்காம விட்டுட்டேனேன்னு அன்னியிலேருந்து இன்னிவரைக்கும் என்னையே அடிச்சிக்கினு இருக்கறேன். நீயும் பக்கத்துலதானே நின்ன?"

"ஆமாக்கா."

சீட்டை மேஜையிலிருந்து எடுத்து நாலாக மடித்தார்.

"நான் வேற எடத்துல குடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் செய்ததுதான் சரி. அந்த வீட்டிலிருந்து என் வார்த்தையைச் சந்தேகப்பட்ட முதல் ஆள் அவர். அந்தச் சந்தேகத்தில் கால்வாசி அந்த மனிதருக்கு இருந்திருக்கக் கூடாதா?